மின்வேலியில் வாயில் எப்படி அமைய வேண்டும்? கால்நடைகளுக்கும் மனிதர்களுக்கும் பாதுகாப்பான வடிவமைப்பு: ஒரு விளக்கம்

புது தில்லி: கால்நடைகளை மேய்ச்சல் நிலத்துக்குள் நிறுத்தி வைக்கவும், கட்டுப்பாடின்றித் திரியும் மாடுகளும் காட்டுப்பன்றிகளும் பயிரை அழிக்காமல் தடுக்கவும் சூரிய ஆற்றலில் இயங்கும் மின்வேலிகளை நாடும் விவசாயிகளின் எண்ணிக்கை நாட்டின் பல மாநிலங்களில் பெருகி வருகிறது. வேலி வாங்கும்போது கம்பியின் தடிமன், தூண்களின் இடைவெளி, கருவியின் திறன் ஆகியவை குறித்து விரிவாக விசாரிக்கப்படுகிறது. நாள்தோறும் பலமுறை கை படும் ஒரே இடமான வாயில் மட்டும் பெரும்பாலும் கடைசி நேர ஏற்பாடாகவே அமைகிறது. வேலியின் பயன் வீணாவதும், விபத்து நேர்வதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். வாயிலை எங்கே, எவ்வாறு அமைக்க வேண்டும், மின்சாரம் அதைக் கடந்து செல்ல எந்த வழி பாதுகாப்பானது, சட்டம் எதை அனுமதிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தேவை ஏன் அதிகரித்துள்ளது?

2019-ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 19 கோடிக்கும் அதிகமான மாடுகளும், ஏறத்தாழ 11 கோடி எருமைகளும், ஏறத்தாழ 15 கோடி ஆடுகளும் உள்ளன. உரிமையாளர் இன்றித் திரியும் மாடுகள் மட்டும் சுமார் 50 லட்சம் என அதே கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. உழவில் டிராக்டர் காளைகளின் இடத்தைப் பிடித்ததாலும், பால் வற்றிய மாடுகளைப் பராமரிக்க இயலாமல் அவிழ்த்து விடுவதாலும் வட மாநில வயல்களில் இந்தச் சிக்கல் கடுமையாகியுள்ளது. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் பரவியுள்ள புந்தேல்கண்ட் பகுதியில், மாடுகளை அவிழ்த்து விடும் வழக்கத்துக்கு ‘அன்னா பிரதா’ என்று தனிப்பெயரே உண்டு.

ஹிமாச்சலப் பிரதேச அரசு, ‘முக்கிய மந்திரி கேத் சன்ரக்ஷண் யோஜனா’ என்ற திட்டத்தின் கீழ் சூரிய மின்வேலிக்குத் தனிநபர் விவசாயிகளுக்கு 80 சதவீதமும், மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் இணைந்த குழுக்களுக்கு 85 சதவீதமும் மானியம் அறிவித்தது. பல குடும்பங்களின் நிலங்களை ஒரே வேலி சூழும்போது, வாயிலைத் திறப்பவர்களும் பலராகின்றனர். எனவே, ஒருவருக்கு மட்டும் பழக்கமான ஏற்பாடு அங்கே போதாது.

மின்வேலி எவ்வாறு செயல்படுகிறது?

முறையான மின்வேலியில் வீட்டு மின்சாரம் நேரடியாகப் பாய்வதில்லை. ‘எனர்ஜைசர்’ எனப்படும் கருவி, பேட்டரியில் இருந்தோ மின் இணைப்பில் இருந்தோ ஆற்றலைப் பெற்று, அதை மிகக் குறுகிய துடிப்புகளாகக் கம்பிக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் நொடியின் மிகச் சிறிய பகுதியே நீடிக்கும். இரண்டு துடிப்புகளுக்கு இடையே ஏறத்தாழ ஒரு நொடி இடைவெளி இருக்கும். மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட் இருந்தாலும், துடிப்பில் உள்ள ஆற்றல் குறைவு. சர்வதேசத் தர நிர்ணயத்தின்படி, 500 ஓம் மின்தடையில் அளவிடும்போது ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூலைத் தாண்டக் கூடாது. இந்திய தர நிர்ணய அமைப்பும் இத்தகைய கருவிகளுக்கென ஐஎஸ் 302-2-76 என்ற தரத்தை வகுத்துள்ளது.

துடிப்புகளுக்கு இடையேயான அந்த ஒரு நொடிதான் உயிர் காக்கும் இடைவெளி. கம்பியைத் தொட்ட மாடு அதிர்ச்சியில் பின்வாங்க அவகாசம் கிடைக்கிறது. மாறாக, 230 வோல்ட் மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் இணைத்தால் மின்னோட்டம் இடைவிடாமல் பாய்கிறது. தசைகள் இறுகி, தொட்ட கையை விடுவிக்க முடியாமல் போகிறது. இதயத் துடிப்பு சீர்குலைந்து உயிர் பிரிகிறது.

துடிப்பு மின்வேலியும் எல்லா நிலையிலும் தீங்கற்றது என்று கொள்ள இயலாது. தலை, கழுத்து, மார்பு ஆகிய பகுதிகளில் கம்பி படுவதைத் தவிர்க்க வேண்டும் என்றும், பல கம்பிகள் கொண்ட வேலியின் மேலாகவோ ஊடாகவோ அடியிலோ எவரும் கடக்கக் கூடாது என்றும், வாயில் அல்லது கடப்பதற்கென அமைத்த இடத்தையே பயன்படுத்த வேண்டும் என்றும் சர்வதேசத் தரம் எச்சரிக்கிறது. வசதியான வாயில் இல்லாத வேலியில் மனிதர்கள் குனிந்து நுழைவார்கள். அப்போது முதலில் கம்பியில் படுவது தலையும் கழுத்தும்தான். வாயிலின் வசதியும் வேலியின் பாதுகாப்பும் வெவ்வேறல்ல என்பதற்கு இதுவே காரணம்.

வாயிலின் இடமும் அகலமும்

வாயிலின் இடத்தைக் கால்நடைகளின் இயல்பே தீர்மானிக்க வேண்டும். மாடுகள் வேலியின் ஓரமாக நடந்து சென்று மூலையில் கூடும் பழக்கம் உடையவை. எனவே, தொழுவம் அல்லது பால் கறக்கும் கொட்டகை உள்ள திசையில், மூலையை ஒட்டி வாயில் அமைந்தால் மந்தை தானாகவே அதை நோக்கி வந்து சேரும். நீண்ட வேலியின் நடுவில் வாயில் வைத்தால், பாதி மாடுகள் வாயிலைத் தாண்டிச் சென்று மூலையில் முட்டி நிற்கும். அவற்றைத் திருப்ப முயலும்போது பின்னால் வரும் மாடு முன்னால் உள்ளதைக் கம்பியின் மீது தள்ளுவதும் உண்டு.

வாயில் அமையும் தரை சற்று மேடாக இருப்பது நல்லது. நூற்றுக்கணக்கான குளம்புகள் நாள்தோறும் மிதிக்கும் இடம் மழைக்காலத்தில் சேறாகும். ஈரத் தரையில் நிற்பவருக்கு அதிர்ச்சி கடுமையாக இருக்கும். ஆகவே, சரளைக் கல் அல்லது செங்கல் ஜல்லி கொட்டி இறுக்கிய தரை பரிந்துரைக்கப்படுகிறது. தண்ணீர்த் தொட்டியையும் தீவன இடத்தையும் வாயிலுக்கு அருகில் வைக்கக் கூடாது. அங்கே மாடுகள் எப்போதும் கூடி நின்று வழியை அடைக்கும்.

மாட்டு மந்தைக்கும் டிராக்டருக்கும் 12 முதல் 14 அடி அகலம் போதுமானது. பஞ்சாப், ஹரியாணா, மேற்கு உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் பயன்படும் கம்பைன் அறுவடை இயந்திரத்தின் வெட்டும் பகுதியே ஏறத்தாழ 14 அடி அகலம் கொண்டது. அது நுழையும் வயலுக்கு 16 அடிக்குக் குறையாத வாயில் தேவை. சாலையில் இருந்து திரும்பி நுழையும் டிராக்டர் டிரெய்லருக்கும் கூடுதல் அகலம் வேண்டும். மனிதர் மட்டும் கடக்கும் இடத்தில் பெரிய கதவு தேவையில்லை. மின்சாரம் பாயாத சிறு கதவு அல்லது ஏறி இறங்கும் மரப்படி போதும்.

வாயில் அமையும் இடத்தில் வேலியின் தொடர்ச்சி அறுகிறது என்பதை மறக்கக் கூடாது. இழுத்துக் கட்டிய கம்பியின் விசை முழுவதையும் வாயிலின் இருபுறத் தூண்களே தாங்க வேண்டும். அவை மற்ற தூண்களைவிடப் பருமனாகவும், ஆழமாக நடப்பட்டு, சாய்வுத் தாங்கலுடனும் இருக்க வேண்டும். தூண் சாய்ந்தால் கம்பி தொய்யும். கதவின் கொக்கியும் பொருந்தாமல் போகும்.

எந்த வகை வாயில் யாருக்கு?

நடைமுறையில் நான்கு வகை வாயில்கள் உள்ளன.

முதலாவது, சுருள்வில் எனப்படும் ஸ்பிரிங் வாயில். விலை குறைவு, ஒரே ஆள் எளிதில் கையாளலாம். மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். ஆனால், இழுபட்ட சுருளைக் கைநழுவ விட்டால் அது வேகமாகச் சுருண்டு பின்வாங்கும். முகத்திலும் கண்ணிலும் அடிபடக்கூடும். கொம்பிலும் வாலிலும் சிக்கும் குறையும் உண்டு. கொம்புள்ள நாட்டு மாடுகளும் எருமைகளும் உள்ள மந்தைக்கு இது முதல் தேர்வாக இருக்கலாகாது.

இரண்டாவது, உலோக இழை பின்னிய கயிறு அல்லது பட்டையான டேப் கொண்ட வாயில். டேப் அகலமாகவும் வெண்மையாகவும் இருப்பதால் கால்நடைகளுக்குத் தொலைவிலேயே தெரியும். அந்தி வேளையில் மனிதர்களின் கண்ணுக்கும் புலப்படும். வெயிலிலும் காற்றிலும் உள்ளிழைகள் அறுந்து போவதால் ஆண்டுதோறும் சோதித்து மாற்ற வேண்டும்.

மூன்றாவது, இரும்புக் குழாய் அல்லது மரத்தால் ஆன, மின்சாரம் பாயாத கதவு. செலவு அதிகம். ஆயினும் குழந்தைகள், முதியோர், வெளியாட்கள் நடமாடும் வழிகளுக்கு இதுவே ஏற்றது. மின்வேலி பொதுப் பாதையைக் கடக்கும் இடத்தில் மின்சாரம் பாயாத கதவு அல்லது ஏறி இறங்கும் படி கட்டாயம் என்றும், அதை ஒட்டிய மின்கம்பிகளில் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும் என்றும் சர்வதேசத் தரம் கூறுகிறது. இத்தகைய கதவின் தாழ்ப்பாளுக்கு அருகில் கை எட்டும் தூரத்தில் மின்கம்பி எதுவும் முடியக் கூடாது. மாடுகள் கதவில் உராய்ந்து வளைப்பதைத் தடுக்க வேண்டுமானால், உட்புறத்தில் மட்டும் ஒற்றை மின்கம்பியைத் தள்ளி அமைத்து, அதற்குத் தனி சுவிட்ச் வைக்கலாம்.

நான்காவது, வாகனத்தில் இருந்து இறங்காமலேயே கடக்க உதவும் வாயில். இருபுறத் தூண்களில் இருந்தும் நீளும், வளையும் தன்மையுள்ள மின்கோல்களை வாகனம் தள்ளிக்கொண்டு செல்லும். மூடிய வாகனங்களுக்கு இது வசதி. இருசக்கர வாகனம், மாட்டு வண்டி, மிதிவண்டி ஆகியவை செல்லும் இந்தியக் கிராம வழிகளுக்கு இது பொருந்தாது. கோல் நேரடியாக ஓட்டுபவரின் உடலிலோ காளையின் மீதோ படும்.

ஆடுகள் உள்ள இடத்தில் ஒற்றைக் கம்பி பயன் தராது. குட்டிகள் நுழையாதவாறு தரையை ஒட்டித் தொடங்கி மூன்று, நான்கு கம்பிகள் தேவைப்படும். அத்தனை கொக்கிகளையும் நாள்தோறும் மாட்டிக் கழற்றுவதைவிட, வலை பொருத்திய குழாய்க் கதவு எளிது.

மின்சாரம் எந்தப் பக்கத்தில் இருந்து வர வேண்டும்?

வாயில் வடிவமைப்பின் மையக் கேள்வி இதுவே. கம்பி வாயிலுக்கு இரு முனைகள் உண்டு. ஒன்று தூணில் நிலையாகக் கட்டப்பட்ட முனை; மற்றொன்று கைப்பிடியுடன் கொக்கியில் மாட்டப்படும் முனை. மின்சாரம் கொக்கி மாட்டும் தூணில் இருந்தே வாயிலுக்கு வர வேண்டும். நிலையான முனை வேலியின் மின்கம்பியுடன் இணையாமல், இன்சுலேட்டரில் மட்டும் கட்டப்பட்டிருக்க வேண்டும். இவ்வாறு அமைத்தால் கொக்கியைக் கழற்றிய கணமே வாயில் கம்பி மின்சாரம் அற்றதாகி விடும். அதைத் தரையில் கிடத்தலாம். அதன் மீது மாடுகளை ஓட்டலாம்.

இதற்கு நேர்மாறாக, நிலையான முனையில் மின்சாரம் கொடுத்தால், கழற்றிய பின்னும் கம்பியில் துடிப்பு பாய்ந்து கொண்டே இருக்கும். அது ஈரத் தரையில் விழுந்தால் வேலி முழுவதின் ஆற்றலும் நிலத்தில் வடிந்து விடும். புல்லில் மறைந்து கிடக்கும் அக்கம்பியை மிதிக்கும் கால்நடைக்கும் குழந்தைக்கும் அதிர்ச்சி ஏற்படும்.

ஒன்றுக்கு மேற்பட்ட கம்பிகள் கொண்ட வாயிலில் மற்றொரு நுட்பம் கவனிக்கத்தக்கது. நிலையான முனையில் அக்கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்திருந்தால், ஒன்றைக் கழற்றிய பிறகும் மற்றொன்றின் வழியாக அதற்கு மின்சாரம் வரும். எனவே, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக இன்சுலேட்டரில் முடிய வேண்டும்.

வாயிலுக்கு அப்பால்: நிலத்தடி இணைப்பு

வாயில் கம்பி வழியாகவே மறுபக்க வேலிக்கு மின்சாரம் அனுப்புவது பரவலாகக் காணப்படும் தவறு. அத்தகைய வேலியில் வாயிலைத் திறந்ததும் அதற்கு அப்பாலுள்ள பகுதி முழுவதும் செயலிழக்கும். மாலையில் மாடுகளை ஓட்டிச் சென்றவர் கொக்கியைச் சரியாக மாட்ட மறந்தால், இரவு முழுவதும் வயல் காவலின்றிக் கிடக்கும்.

இதற்குத் தீர்வு நிலத்தடி இணைப்பு. வாயிலின் குறுக்கே ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழத்தில் பள்ளம் தோண்டி, பிளாஸ்டிக் குழாய்க்குள் கேபிளைச் செலுத்த வேண்டும். குளம்பும் டிராக்டர் சக்கரமும் அழுத்தினாலும் கேபிள் சேதமடையாத ஆழம் அவசியம். குழாயின் இரு முனைகளையும் தூணை ஒட்டி மேலே கொண்டு வந்து, கைத்தடியின் பிடிபோல் கீழ்நோக்கி வளைத்து விட்டால் மழைநீர் இறங்காது.

வீட்டு வயரிங்குக்கான கம்பியை இங்கே பயன்படுத்தக் கூடாது. அதன் மேலுறை 1,100 வோல்ட் வரை மட்டுமே தாங்கும் வகையில் தயாரிக்கப்படுகிறது. வேலியின் துடிப்போ பல ஆயிரம் வோல்ட் கொண்டது. மேலுறையைத் துளைத்து மின்சாரம் மண்ணில் கசியும். வெளியில் இருந்து பார்த்தால் குறை தெரியாது. மின்வேலிக்கென விற்கப்படும், இரட்டை உறையிட்ட உயர் அழுத்தக் கேபிளே ஏற்றது. செம்புக் கம்பியைத் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பியுடன் நேரடியாக முறுக்கி இணைத்தால் அந்த இடம் விரைவில் அரிக்கும் என்பதால், உள்ளே துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி உள்ள கேபிளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாயிலின் ஒரு பக்கத் தூணில் சுவிட்ச் ஒன்றைப் பொருத்துவது பழுது பார்க்க உதவும். மின்னழுத்தம் குறையும்போது, சுவிட்சை அணைத்துப் பார்த்து, குறை வாயிலுக்கு இப்புறமா அப்புறமா என்று சில நிமிடங்களில் அறியலாம்.

ராஜஸ்தான், குஜராத் போன்ற வறண்ட நிலங்களில், மண் காய்ந்து மின்சாரம் திரும்பும் பாதை பலவீனமாகும். அங்கே மின்கம்பிக்கு இடையிடையே எர்த் கம்பியும் ஓட்டப்படுகிறது. அத்தகைய வேலியில் இரு கம்பிகளும் வாயிலுக்கு அடியில் தொடர வேண்டும். வேலிக்கான எர்த் கம்பி, வீட்டு மின் இணைப்பின் எர்த் அமைப்பில் இருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பதும் விதி.

கால்நடைகளைப் பழக்குதல்

வாயிலில் ஒருமுறை அதிர்ச்சி பெற்ற மாடு, அது திறந்திருக்கும்போதும் கடக்க மறுக்கும். நாள்தோறும் விரட்டி ஓட்ட நேர்ந்தால் அந்த வாயில் தோல்வியடைந்த வாயிலே. ஆகவே, வேலியில் இருந்து வேறுபட்டுத் தெரியும் வண்ணத்தில் வாயில் அமைவது பயனளிக்கும். புதிய மாடுகளை முதல் சில நாட்கள் சிறு அடைப்புக்குள் வைத்து வேலியைப் பழக்கிய பின், கம்பியை முற்றிலும் விலக்கி அகலத் திறந்த வாயில் வழியாக அமைதியாக நடத்திச் செல்ல வேண்டும். பாதி திறந்த வாயிலில் மந்தையை நெருக்கக் கூடாது.

சட்டம் சொல்வது என்ன?

மக்களவையில் 2024-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு அளித்த பதிலின்படி, ஐந்து ஆண்டுகளில் இயற்கைக்கு மாறான காரணங்களால் இறந்த 528 யானைகளில் 392 யானைகள் மின்சாரம் தாக்கி உயிரிழந்தன. தாழத் தொங்கும் மின்தடங்களுடன், நேரடி மின்சாரம் பாய்ச்சிய சட்டவிரோத வேலிகளும் இத்தகைய இறப்புகளுக்குக் காரணமாகின்றன. இரவில் வயலுக்குச் செல்லும் மனிதர்களும் இத்தகைய கம்பிகளுக்குப் பலியாகின்றனர்.

மின்கம்பத்தில் இருந்து கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆவது பிரிவின் கீழ் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க வழி செய்கிறது. யானை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினமாகும். தமிழக அரசு, மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்த 2023-ஆம் ஆண்டில் தனி விதிகளை அறிவித்தது. வனப்பகுதியை ஒட்டி வேலி அமைப்போர், அந்தந்த மாநில வனத்துறையிடம் முன்கூட்டியே விசாரித்துக் கொள்வது அவசியம்.

முள்கம்பியில் மின்சாரம் பாய்ச்சுவதையும் தரவிதிகள் தடை செய்கின்றன. முள்ளில் சிக்கிய உயிர் விலக முடியாமல் மீண்டும் மீண்டும் அதிர்ச்சி பெறும். பாதுகாப்பான துடிப்பும் அந்நிலையில் உயிரைப் பறிக்கக் கூடும்.

வாயிலில் தினமும் கவனிக்க வேண்டியவை

வாயிலின் இருபுறமும் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். அது குறைந்தது 200 மி.மீ. நீளமும் 100 மி.மீ. உயரமும் கொண்டு, மஞ்சள் பின்னணியில் கருப்பு எழுத்துகளுடன் அமைய வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதோரும் அறியும் வகையில், கம்பியைத் தொடும் கையின் படத்தையும் அதில் இடம்பெறச் செய்யலாம்.

கைப்பிடியில் விரிசல் தோன்றினால் அன்றே மாற்ற வேண்டும். மழையில் நனைந்த விரிசல் வழியே அதிர்ச்சி ஏற்படும். வாயிலுக்குக் கீழே வளரும் புல்லை வெட்ட வேண்டும். வாரம் ஒருமுறை வோல்ட்மீட்டரால் வாயிலின் இருபுறமும் அளவிட வேண்டும். மாடுகளுக்குக் குறைந்தது 3,000 வோல்ட்டும், அடர்ந்த ரோமம் கொண்ட ஆடுகளுக்கு 4,000 வோல்ட்டுக்கு மேலும் தேவை. இரு அளவுகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரிந்தால், நிலத்தடிக் கேபிளையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எந்த வேலியிலாவது ஒருவர் விடுபட முடியாமல் சிக்கியிருந்தால் அவரைத் தொடக் கூடாது. முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, 112 அல்லது 108 எண்ணில் உதவி கோர வேண்டும்.

பேட்டரியும் சூரியத் தகடும் வாங்கும் செலவுடன் ஒப்பிட்டால், நல்ல கைப்பிடிக்கும் சில மீட்டர் கேபிளுக்கும் ஆகும் செலவு சிறிது. வேலி அமைக்கும் நிறுவனத்திடம் விவசாயி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வாயிலைத் திறந்து கையில் பிடித்திருக்கும்போது, அந்தக் கம்பியில் மின்சாரம் இருக்குமா, இருக்காதா? இருக்காது என்பதை வோல்ட்மீட்டரில் காட்டிய பிறகே வேலியை ஒப்புக்கொள்ள வேண்டும்.